முப்பத்தொன்றாம் பிரிவு

அத்தியாயம் 6

என் அத்தான் கதவைத் தட்டும் விதமே எனக்குப் பிடிக்காது. இரண்டே தட்டு. மூன்றாவதற்கு அவசியம் வராது, அதற்குள் யாராவது ஓடி வந்து திறந்துவிடுவார்கள். நான் தட்டினால், "ஒண்ணும் வேண்டாம்ப்பா, அடுத்த மாசம் வா" என்று உள்ளேயிருந்தே குரல் வரும்.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். துப்பறிவது அவர் தொழில். தெரிந்தவர்களுக்கு அவர் 'நிதானம்'. நான் அவருடைய உதவியாளன், எனக்கு 'வால்' என்று பெயர். அவர் பின்னாலேயே போவதாலா, சேட்டை அதிகம் என்பதாலா என்று நான் விசாரித்ததில்லை. அக்காவுக்கு அவர் சொல்வதுதான் வேதவாக்கு. பெற்ற அம்மாவே, "மாப்பிள்ளைக்கு இருக்கற மூளையில கால்வாசி உனக்கு இருந்திருந்தா..." என்று ஆரம்பித்து, மீதியைப் பெருமூச்சாக விடுவாள். எனக்கு அவர் மேல் பொறாமை. ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுகிறேன், இந்த வழக்கு அதனால்தான் முடிந்தது.

அன்று காலை பத்து மணிக்கு அவர் தட்டியது நான்காவது மாடியில் ஒரு ஃபிளாட்டின் கதவை. திறந்த பெண்மணி சட்டக் கல்லூரி விரிவுரையாளர். முப்பத்தெட்டு வயது இருக்கும். மூன்று நாளாகத் தூங்கவில்லை என்று கண்ணுக்குக் கீழே எழுதி ஒட்டியிருந்தது.

"நாலு மணிக்கு விசாரணை," என்றார், உட்காரச் சொல்வதற்கு முன்பே. "ஆறு மணி நேரந்தான் சார் இருக்கு."

"மொதல்லேர்ந்து சொல்லுங்க. இவனுக்கும் புரியணும்," என்றார் அத்தான். இவன் என்றால் நான்.

சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம். மேசை முழுக்க அவருடைய தாள்கள், புத்தகங்கள். தண்ணீர் டம்ளர் வைக்க இடமில்லை. வாசலுக்குப் பக்கத்தில், செருப்பு அலமாரியின் மேல், வேறு யாருடையவோ வழக்குக் கட்டுகள் அடுக்கியிருந்தன. சுவரில் மரச்சட்டம் போட்ட ஒரு பத்திரிகைப் படம். விரிவுரையாளர் மேடையில் விருது வாங்குகிறார். படத்தின் ஓரத்தில் ஒரு வெள்ளைச் சட்டையின் தோள் மட்டும் தெரிந்தது.

"கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட வழக்குல சட்டத்தை எப்படிப் பொருத்திப் பாக்கணும்னு ஒரு வழிமுறையைக் கட்டுரையா எழுதினேன்," என்றார். "புதுசா ஒரு கருவி வந்தா எங்க ஆளுங்க ரெண்டு பக்கமா ஓடுவாங்க. ஒரு கூட்டம், பழைய சட்டமே போதும்னு சொல்லும். பாஸ்வேர்டுன்னா பூட்டு, ஈமெயில்னா கடுதாசி, வேலை முடிஞ்சுது. இன்னொரு கூட்டம், கருவிக்கு ஒரு சட்டம் வீதம் புதுசு புதுசாக் கேக்கும். ரெண்டுமே தப்புன்னேன்."

"பின்ன எது சரி?" என்றார் அத்தான்.

"கருவியைப் பாக்காதே, காயத்தைப் பாரு. யாருக்கு என்ன கெட்டுப்போச்சு? அதைப் பழைய சட்டம் எதுக்காகக் காப்பாத்துச்சு? அதே பயம் இங்கயும் இருக்கா? பழைய விதியை அப்படியே இங்க போட்டா, தப்பே பண்ணாதவன் எவனாவது மாட்டுவானா? நாலே கேள்வி."

"நாலோட நிறுத்தினீங்களே, புண்ணியமாப் போகும். எங்க அக்கா ஆரம்பிச்சா நாப்பது," என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. அத்தான் இதே நகைச்சுவையைச் சொல்லியிருந்தால் வீடே அதிர்ந்திருக்கும்.

அந்தக் கட்டுரையால் விரிவுரையாளர் பெயர் எங்கெங்கோ போயிற்று. புதிய மின்பதிவுச் சட்டத்தை எழுதும் அரசுக் குழுவில் சேரச் சொல்லித் தலைநகரிலிருந்து அழைப்பு வந்தது. இரண்டு வருட வேலை. இந்த மாதக் கடைசிக்குள் சம்மதம் சொல்லியாக வேண்டும். அதற்குள் கல்லூரி முதல்வருக்குப் பெயரில்லாமல் ஒரு மெயில்: 'உங்கள் துறைத் தலைவரின் கம்ப்யூட்டரைத் திறந்து பாருங்கள், அந்தப் புகழ்பெற்ற கட்டுரை மூன்று வருடத்துக்கு முன்பே அங்கே இருக்கிறது.' திறந்தார்கள். இருந்தது. துறைத் தலைவர் பெயரில், மூன்று வருடப் பழைய தேதியோடு.

"நான் திருடலைன்னு நாலு மணிக்கு நிரூபிக்கலைன்னா வேலை போயிடும். குழுவும் போயிடும். திருடிங்கற பேரு மட்டும் நிக்கும்," என்றார்.

"அந்த ஃபைலை நீங்க படிச்சீங்களா?"

"மொதப் பக்கம் பாத்ததுமே கண்ணை இருட்டிடுச்சு சார். அவர்தான் முழுசாப் படிச்சார். எழுத்துக்கு எழுத்து ஒண்ணுதான், நீ பாக்காதே, மனசு கெட்டுப்போகும்னு பிடுங்கி வெச்சுட்டார்."

'அவர்' சமையலறையிலிருந்து காபியோடு வந்தார். வெள்ளைச் சட்டை, நீதிமன்றத்துக்குப் போகிற கறுப்புக் கோட்டு கையில் மடித்திருந்தது. தட்டை வைக்க மேசையில் இடம் தேடினார், கிடைக்கவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"வீட்டுக்காரர். விசாரணைக்கு என் வக்கீலும் இவர்தான்," என்றார் விரிவுரையாளர்.

"துப்பறியறவங்க எதுக்குன்னு நேத்தே சொன்னேன்," என்றார் வக்கீல், புன்னகையோடு. "பன்னெண்டு பக்கம் பதில் மனு எழுதி வெச்சிருக்கேன். தப்பா நெனைக்காதீங்க சார். இவளை நெனச்சா எனக்குப் பெருமை. ரொம்பப் பெருமை. இவளுக்கு ஒண்ணுன்னா விட்டுடுவேனா?"

காபி நன்றாக இருந்தது. கிளம்பும்போது வாசல் வரை வந்து, "உண்மையிலேயே பெருமைதான்," என்று இன்னொரு தடவை சொன்னார். யாரும் கேட்கவில்லை.

டாக்ஸியில் அத்தான் இரண்டு பிரதிகளை என் மடியில் போட்டார். ஒன்று அச்சான கட்டுரை. இன்னொன்று துறைத் தலைவர் கம்ப்யூட்டரில் கிடைத்த ஃபைல்.

"ஒத்துப் பாரு. அடுத்தவன் எழுத்துல குத்தம் கண்டுபிடிக்க உன்னை விட்டா ஆள் கிடையாது."

இது பாராட்டா, வசவா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. பக்கம் பக்கமாக விரலை ஓட்டினேன். இருபது நிமிட நெரிசலில் முப்பது பக்கம் முடிந்தது.

"ரெண்டே வித்தியாசம் அத்தான். ஒம்பதாம் பக்கத்துல, அனுமதியில்லாம கம்ப்யூட்டர்ல நுழையறதைப் பத்தி வருது. மேடம் கட்டுரையில 'பிரிவு 31, முன்பு 19'ன்னு இருக்கு. ஃபைல்ல வெறும் 31. ஏதோ டைப் பண்ணவன் சோம்பேறி."

"இன்னொண்ணு?"

"பதினாலாம் பக்கத்துல ஃபைல்ல ஒரு பத்தி கூடுதலா இருக்கு. மேடம் கட்டுரையில அது இல்லவே இல்ல."

"எப்படியிருக்கு அந்தப் பத்தி?"

"நல்லாருக்கு," என்றேன், மனசில்லாமல். "எனக்கே புரியுது."

அத்தான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் அப்படித் திரும்பினால் ஏதோ கிடைத்துவிட்டது என்று அர்த்தம். என்ன என்று சொல்லமாட்டார். அதுவும் எனக்குப் பிடிக்காத பழக்கங்களில் ஒன்று.

துறைத் தலைவரின் அறையில் கதவைவிடப் பெரியதாக ஒரு பெயர்ப்பலகை. மேசை மேல் பாதியில் நின்றுபோன சதுரங்கம். கம்ப்யூட்டர் திரையின் ஓரத்தில் மஞ்சள் காகிதத்தில் கொட்டை எழுத்தில் பாஸ்வேர்டு. கணினிச் சட்டம் நடத்துகிற துறை, கேட்டுக்கொள்ளுங்கள்.

"அந்தக் கட்டுரையை நீங்கதான் எழுதினீங்களா சார்?" என்றார் அத்தான்.

துறைத் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எழுதியிருப்பேன்."

"ஞாபகம் இல்லையா?"

"நான் நிறைய எழுதறவன் தம்பி. எல்லாத்தையும் ஞாபகம் வெச்சுக்க முடியுமா? என் கம்ப்யூட்டர்ல இருக்கு, என் பேர்ல இருக்கு, தரமும் என் தரம். வேற யார் எழுதியிருப்பா?"

"அதுல மூணாவது கேள்வி என்ன சார்?"

"அது... கட்டுரையிலேயே தெளிவா இருக்கே, பாத்துக்கங்க."

நான் இருமினேன். சிரிப்பை அடக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி அது.

"சதுரங்கம் யாரோட?" என்றார் அத்தான்.

"அந்தப் பொண்ணோட வீட்டுக்காரர்தான். அஞ்சு வருஷமா சாயங்காலம் அவளைக் கூட்டிட்டுப் போக வருவார். அவ நூலகத்தை விட்டு வர லேட்டாகும். எனக்கோ அஞ்சு மணிக்கு வகுப்பு. நான் போயிட்டு வர வரைக்கும் இங்கயே உக்காந்து அடுத்த காயை யோசிச்சுக்கிட்டிருப்பார். நல்ல மனுஷன். இந்தப் பிரச்சினை வந்ததிலிருந்துதான் விளையாட்டு நின்னுபோச்சு."

அந்த நல்ல மனுஷனே அப்போது கதவருகே வந்து நின்றார். பதில் மனுவின் பிரதியைத் துறைத் தலைவரிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்க வந்திருந்தார். அத்தான் அவரைக் கண்டுகொள்ளாத மாதிரி, "ஒரு சந்தேகம் சார்," என்றார் துறைத் தலைவரிடம். "அனுமதியில்லாம அடுத்தவன் கம்ப்யூட்டர்ல நுழைஞ்சா எந்தப் பிரிவு?"

"பத்தொம்பது!" துறைத் தலைவர் மேசையைத் தட்டினார். "தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். காலங்காலமா நடத்தறேன்."

"முப்பத்தொண்ணு சார்," என்றார் வக்கீல். "போன வருஷம் சட்டத்தைத் திருத்தினப்பவே எல்லா நம்பரையும் மாத்திட்டாங்க. இன்னும் பசங்களுக்குப் பத்தொம்பதுன்னு சொல்லிக் கொடுத்தா அவங்க கோர்ட்டுல வந்து அசிங்கப்படுவாங்க."

"பாத்தீங்களா? இவர் எதிர்ல வாயைத் திறக்கவே முடியாது. பழைய நம்பரைச் சொன்னா உடனே திருத்திடுவார்," என்று துறைத் தலைவர் சிரித்தார்.

வக்கீலும் சிரித்தார். சிரிப்பு சட்டென்று நின்றது. அத்தான் பணிவாக அவரிடம் மனுவின் இன்னொரு பிரதியைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

வராந்தாவுக்கு வந்ததும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. "அத்தான்! மூணு வருஷத் தேதி போட்ட ஃபைல்ல போன வருஷம் பொறந்த நம்பர்! அப்ப ஃபைல் பொய். தேதியை யாரோ பின்னால தள்ளி வெச்சிருக்கான். விசாரணைக் குழுவுல இருக்கற நாலு பேரும் தேதியை மட்டும் பாத்திருக்காங்க, அதுக்குக் கீழ படிக்கவே இல்ல!"

"சரி. யார் பண்ணினது?"

"தலைவர்தான். வேற யாரு? பொறாமை. சின்னப் பொண்ணு பேர் வாங்கறது பொறுக்கலை."

"அவருக்கு இன்னைக்கு வரைக்கும் பத்தொம்பதுதான் தெரியும். அவர் எழுதியிருந்தா பத்தொம்பதுன்னுதான் எழுதியிருப்பார். முட்டாள்தனமும் சில நேரம் நல்ல சாட்சி."

கல்லூரி கேன்டீனில் ஒரு மூலை மேசை கிடைத்தது. மணி ஒன்றரை. அத்தான் பதில் மனுவை என் முன்னால் தள்ளினார்.

"படி. இதுல என்ன இல்லைன்னு சொல்லு."

பன்னிரண்டு பக்கம். நேர்த்தியான மனு. கல்லூரி விதிகள், முதல்வரின் அதிகாரம், கம்ப்யூட்டர் எல்லாருடைய கைக்கும் எட்டுகிற இடத்தில் இருந்தது, பெயரில்லாத மெயிலை நம்பக் கூடாது, எல்லாம் இருந்தது. கடைசிப் பக்கத்தை மூடும்போதுதான் எனக்கு உறைத்தது.

"நம்பரைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல."

"அறைக்குள்ள காலை வெச்சு ஒரு நிமிஷம் ஆகலை, யாரும் கேக்காமலே நம்பரைத் திருத்தினார். அப்படிப்பட்ட மனுஷன் பொண்டாட்டி தலை போற வழக்குல, அந்த ஃபைலை முழுசாப் படிச்சுட்டு, அந்த ஒரு நம்பரை மட்டும் பாக்கலையாம். நம்பறியா?"

"மெனக்கெட்டு விட்டுருக்கார்."

"மேடம் கட்டுரையில ரெண்டு நம்பரும் இருக்கு. 'முப்பத்தொண்ணு, முன்பு பத்தொன்பது.' பழைய ஃபைல் மாதிரி காட்டணும்னா அதுல ஒண்ணை எடுத்தாகணும். முப்பத்தொண்ணை எடுத்திருக்கணும். ஆனா கோர்ட்டுல நிக்கறவன் செத்துப்போன நம்பரை எழுதமாட்டான். கை பழகிடுச்சு. பத்தொம்பதை எடுத்துட்டான்."

நான் காபி டம்ளரைத் தள்ளி வைத்தேன். "ஆனா அத்தான், எதுக்கு? சொந்தப் பொண்டாட்டியை?"

"அந்தம்மா சொன்ன முறையிலேயே போவோமே. கருவியைப் பாக்காதே, காயத்தைப் பாரு. கருவி எங்க இருந்துச்சு? தலைவர் ரூம்ல. அதைப் பாத்துத்தான் எல்லாரும் தலைவரைச் சுத்தி நிக்கறாங்க. காயம் என்ன?"

"வேலை."

"அதுக்கு முன்னாடி? மெயில் எப்ப வந்துச்சு? மாசக் கடைசிக்குள்ள சம்மதம் சொல்லணும்ங்கற நேரத்துல. அந்தம்மா தலைநகருக்குப் போகக் கூடாது. அதுதான் காயம். போனாத் தலைவருக்குக் கொண்டாட்டம், போட்டியே இருக்காது. போகாம இருந்தா யாருக்கு லாபம்?"

செருப்பு அலமாரி மேல் இருந்த வழக்குக் கட்டுகள் என் கண்ணுக்கு முன்னால் வந்தன. தட்டை வைக்க இடம் தேடி நின்ற அந்த ஆளும் வந்தார். பெருமை, ரொம்பப் பெருமை, உண்மையிலேயே பெருமை. அத்தானைப் பற்றி யார் கேட்டாலும் நான் சொல்வதும் அதே வார்த்தைதான். அதே எண்ணிக்கைதான்.

"அந்தக் கூடுதல் பத்தியும் அவர்தான்," என்றேன் மெதுவாக. "திருடின கட்டுரையை அப்படியே வெச்சுட்டுப் போயிருக்கலாம். மனசு கேக்கலை. அதுல இருந்த குறையைத் திருத்தாம விட முடியலை."

"அதைத்தான் நான் டாக்ஸியிலேயே யோசிச்சேன்."

"எப்படித் தெரிஞ்சுது?"

அத்தான் டம்ளரைக் கீழே வைத்தார். "உன்னை வெச்சுத்தான்டா. என்னோட அறிக்கை ஒவ்வொண்ணையும் நீதானே டைப் பண்றே. ஒவ்வொண்ணுலயும் நான் எழுதாத ஒரு வரி கூடவே வருது. எல்லாத்தையும் விட நல்ல வரி."

எனக்குக் காது சூடேறிவிட்டது. நான்கு வருடமாக யாருக்கும் தெரியாது என்று நினைத்துச் செய்துகொண்டிருந்த காரியம் அது.

இரண்டரை மணிக்கு ஆளில்லாத ஒரு வகுப்பறையில் நால்வரும் இருந்தோம். "எனக்கு வேலை கொடுத்தது அந்தம்மா, அவங்க முன்னாடிதான் பேசுவேன்" என்று அத்தான் சொல்லிவிட்டார். விரிவுரையாளர் முதல் பெஞ்சில், மாணவர்கள் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தார். வக்கீல் கரும்பலகைக்குப் பக்கத்தில் நின்றார். அத்தான் நம்பர் விஷயத்தைச் சொன்னார்.

"ஐயோ, கவனிக்காமப் போயிட்டேன்," என்றார் வக்கீல். "நல்ல பாயின்ட் சார். இப்பவே மனுவுல சேத்துடறேன்."

"நீங்க கவனிக்காம விடற ஆளா?" என்றேன். "துறைத் தலைவரையே பேச விடலை."

விரிவுரையாளர் எங்களைப் புரியாமல் பார்த்தார். அத்தான் ஃபைலின் பதினான்காம் பக்கத்தை அவர் முன்னால் வைத்தார். "இதை நீங்க இன்னும் பாக்கலை. கொஞ்சம் சத்தமாப் படிங்க மேடம்."

அவர் படித்தார்: "'இந்த முறை வெளியாளை மட்டுமே மனத்தில் வைத்து எழுதப்பட்டிருக்கிறது. கதவை உடைத்தவனை இது பிடித்துவிடும். உரியவரே நம்பிச் சாவியைக் கையில் கொடுத்த ஒருவன், அதே சாவியால் காயம் செய்தால், நான்கு கேள்விகளில் எதிலும் சிக்கமாட்டான். ஆகவே ஐந்தாவதாக ஒன்று கேட்க வேண்டும்: எதை நம்பிச் சாவி கொடுக்கப்பட்டது?'"

படித்து முடித்தும் தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மறுபடி ஒரு தடவை, உதடு மட்டும் அசையப் படித்தார். பிறகு தலையைத் திருப்பாமலே, "இது நீங்க சொன்னது," என்றார்.

வக்கீல் ஒரு சாக்பீஸை எடுத்துத் திரும்ப வைத்தார்.

"சாப்பிடறப்ப சொன்னீங்க."

"மூணு தடவை சொன்னேன்," என்றார் வக்கீல். குரல் நீதிமன்றக் குரலாக இல்லை. "மொத ரெண்டு தடவை, அது கோர்ட்டுக்காரங்க கவலை, தியரிக்கு ஆகாதுன்னே. மூணாவது தடவை நிமிந்துகூடப் பாக்கலை."

"அதுக்காகவா?"

"அதுக்காக மட்டும் இல்ல." கறுப்புக் கோட்டை மேசையில் போட்டார். "என் கட்சிக்காரன் பீஸ் கொடுத்துட்டு, மேடம் எப்படி இருக்காங்கன்னு கேக்கறான். நீதிபதி கேக்கறார். என் தம்பி போன் பண்ணினா, அண்ணியைக் கூப்பிடுங்கறான். நம்ம வீட்டுச் சுவர்ல தொங்குதே ஒரு படம், அதுல ஓரத்துல ஒரு தோள் தெரியும். அது யாருன்னு இதுவரைக்கும் ஒருத்தர் கேட்டதில்ல. என் தோள்தான். தினமும் அதைப் பாத்துக்கிட்டேதான் செருப்பு மாட்டுவேன்."

விரிவுரையாளர் இப்போதுதான் அவர் பக்கம் திரும்பினார்.

"நீ தலைநகருக்குப் போயிட்டா அந்தத் தோளுக்குக்கூட இடமிருக்காது. கடைசித் தேதி தாண்டினாப் போதும்னு நெனச்சேன். சத்தியமா வேலைக்கு வேட்டு வெப்பாங்கன்னு நெனைக்கலை. மெயில் போன பிறகுதான் நம்பரைப் பாத்தேன். ரெண்டு நாள் வேர்த்துக் கொட்டுச்சு. அப்புறம் தோணிச்சு, இதுவும் நல்லதுக்குத்தான். இன்னைக்குத் தோத்தாத் தோக்கட்டும், தேதி தாண்டினதும் மேல்முறையீட்டுல நான் அந்த நம்பரை எடுத்துக் காட்டி உன்னை மீட்டுடுவேன். அன்னைக்காவது எல்லாரும்..." அவரால் முடிக்க முடியவில்லை.

"உங்களைப் பாப்பாங்க," என்று நான் முடித்தேன். கிண்டலாகச் சொல்ல நினைத்தேன், வரவில்லை. அந்த ஆசை எனக்குத் தெரியும்.

விரிவுரையாளர் எழுந்தார். அழுவார் என்று எதிர்பார்த்தேன். வகுப்பெடுக்கிற குரலில் பேசினார்.

"என் கம்ப்யூட்டர் பாஸ்வேர்டை நான்தான் உங்களுக்குக் கொடுத்தேன். துறைத் தலைவர் உங்களை நம்பித்தான் ரூமை விட்டுட்டுப் போனார். எந்தக் கதவையும் நீங்க உடைக்கலை. என் கட்டுரைப்படி பாத்தா, நீங்க நுழைஞ்சது தப்பே இல்ல. பிரிவு முப்பத்தொண்ணு உங்களைத் தொடாது. உங்க ஐந்தாவது கேள்வியைக் கேட்டாத்தான் நீங்க மாட்டுவீங்க." தாளை மடித்து அவரிடம் நீட்டினார். "நாலு மணிக்கு நீங்கதான் என் வக்கீல். எது சரின்னு அங்க வந்து சொல்லுங்க."

வக்கீல் தாளை வாங்கிக்கொண்டார். கோட்டை எடுத்துப் போட்டுக்கொள்ள வெகுநேரம் ஆனது.

நான்கு மணிக்கு நானும் அத்தானும் விசாரணை அறைக்கு வெளியே நின்றோம். கதவு பாதி திறந்திருந்தது. வக்கீல் வருவாரா, பின் வாசல் வழியாகப் போய்விடுவாரா என்று எனக்குச் சந்தேகம். வந்தார். பிறகு அந்த நீதிமன்றக் குரல் எழுந்தது, தெளிவாக, ஒரு இடத்திலும் தடுமாறாமல்.

"இந்த ஃபைல் பொய். ஒன்பதாம் பக்கத்து நம்பரே சாட்சி. இதில் இருப்பது முழுக்க என் கட்சிக்காரருடையது, ஒரு பத்தியைத் தவிர. அந்தப் பத்தி சரியானது. எதை நம்பிச் சாவி கொடுக்கப்பட்டது என்று இந்தக் குழு கேட்க வேண்டும். பதில் சொல்ல வேண்டிய ஆள் நான்."

உள்ளே சலசலப்பு. நாற்காலி ஒன்று பின்னால் நகர்ந்தது. அதற்கிடையில் துறைத் தலைவரின் குரல், உண்மையான வருத்தத்தோடு: "அப்ப அதை நான் எழுதலையா?"

ஐந்து மணிக்கு விரிவுரையாளர் வெளியே வந்தார். குற்றச்சாட்டு தள்ளுபடி. அரசுக் குழுவுக்குச் சம்மதக் கடிதம் அன்றே போயிற்று. வக்கீல் என்ன ஆவார் என்று வக்கீல் சங்கம் முடிவு செய்யும், அதற்கான கடிதத்தை அவரே எழுதிக் கொடுத்துவிட்டாராம்.

"கட்டுரை புத்தகமா வருது," என்றார் விரிவுரையாளர், அத்தானிடம். "ஐந்தாவது கேள்வியைச் சேக்கறேன். அவர் பேரோடதான். அட்டையிலேயே."

"நல்லது மேடம்."

"இன்னைக்கு வீட்டுக்கு வர வேண்டாம்னும் சொல்லிட்டேன். பாஸ்வேர்டையும் மாத்திட்டேன்." படிக்கட்டு வரை போய்த் திரும்பினார். "அந்தப் படத்துக்கு நான்தான் சார் சட்டம் போட்டேன். கடைக்காரன் அளவுக்கு வெட்டணும்னான். வெட்டிக்கோன்னேன். ஓரத்துல யாருன்னு நான் பாக்கவே இல்ல."

அதற்கு அத்தானிடமும் பதில் இல்லை. அவரிடம் பதில் இல்லாத ஒரு நிமிடத்தை நான் பார்த்தது அன்றுதான். எதிர்பார்த்த சந்தோஷம் வரவில்லை.

திரும்பும் டாக்ஸியில் காலையில் இருந்த அதே நெரிசல். நான்தான் கேட்டேன். "நாலு வருஷமா என் வரி தெரிஞ்சும் ஏன் அத்தான் அடிக்கலை?"

"எதுக்கு அடிக்கணும்? நல்லாருக்கே. போன மாசமே உங்க அக்காகிட்ட சொல்லிட்டேன், அறிக்கையில நல்ல வரியெல்லாம் தம்பி எழுதறதுன்னு."

எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. "அக்கா என்ன சொன்னா?"

அத்தான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"'உங்களுக்குத்தான் எவ்வளவு பெரிய மனசு'ன்னா."